நான்காம் ஆண்டுப் பிள்ளையின் கையில் கைப்பேசி: பிடுங்கி வைப்பதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். வீட்டுப்பாடம் முழுக்கப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில்தான் வருகிறது. கைப்பேசியில் தமிழை மளமளவென்று தட்டுகிறவள், கட்டுரைப் புத்தகத்தில் எழுதும்போது ல, ள, ழ மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுகிறாள். ஒற்றெழுத்தைக் காணவே காணோம். போன வாரம் 'எங்கள் ஊர்' என்ற தலைப்புக்குச் செயற்கை நுண்ணறிவிடம் கட்டுரை கேட்டு வாங்கி, அதைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டாள். அதில் ஆலமரமும் குளக்கரையும் நெல்வயலும் வருகின்றன. இவர்கள் வீட்டைச் சுற்றி இருப்பதோ எண்ணெய் எடுக்கும் செம்பனை. காலமெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தாத்தா, "அந்தச் சனியனைப் பிடுங்கி வை" என்கிறாராம். பிடுங்கி வைத்துவிடலாமா என்பது கேள்வி.

வேண்டாம். ஆனால் தாத்தாவின் பேச்சைத் தள்ளிவிடவும் வேண்டாம், அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. நான் தோட்டப் பள்ளியில் வகுப்பாசிரியராக இருந்து, பிறகு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்குப் போனவன். இந்த மாதிரிக் கேள்வி வரும்போதெல்லாம் நான் ஒன்றைத்தான் பார்ப்பேன்: எழுத்தையும் சொல்லையும் தேடி எடுப்பது யார்? பிள்ளை தேடினால் கைப்பேசியிலும் படிப்பு நடக்கும். வேறு யாரோ தேடிக் கொடுத்தால் நோட்டுப்புத்தகத்திலும் நடக்காது. அந்தக் கட்டுரையை உங்கள் மகள் பேனா பிடித்துக் கையால்தானே எழுதினாள்? அதனால் அவளுக்கு ஒரு வாக்கியமாவது சொந்தமாக எழுத வந்ததா?

முதலில் ல, ள, ழ. அவள் எந்த விசைப்பலகையில் தட்டுகிறாள் என்று பாருங்கள். பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டினால் தமிழாக மாற்றிக் கொடுக்கும் வகையாகத்தான் இருக்கும். வி, ஏ, எல், ஐ என்று தட்டுகிறாள். மேலே ஒரு பட்டையில் வலி, வழி, வளி என்று வரிசையாக வந்து நிற்கும். ஒன்றைத் தொட்டால் வேலை முடிந்தது. அந்த இடத்தில் அவள் சொல்லை எழுதவில்லை, அடையாளம் காட்டுகிறாள். கூட்டத்தில் ஒருவரைப் பார்த்து 'இவர்தான்' என்று சொல்வது சுலபம். அவர் முகத்தை நினைவிலிருந்து வரைவது வேறு வேலை. கட்டுரைப் புத்தகத்தில் பட்டை கிடையாது, எனவே கை தடுமாறுகிறது. பிள்ளைக்கு மறதி வந்துவிட்டதென்று நினைக்காதீர்கள். அந்தச் சொல்லை அவள் ஒருநாளும் முழுதாக எழுதிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு மாற்று நம் நாட்டிலேயே பிறந்திருக்கிறது. முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய முரசு அஞ்சல், கணினியில் தமிழ் எழுத மலேசியாவில் செய்யப்பட்ட மென்பொருள்; கைப்பேசியில் தமிழ் எழுத அவர் செய்த செல்லினம் 2005ஆம் ஆண்டுப் பொங்கலன்று வெளிவந்தது. உலகத் தமிழர் கைப்பேசியில் தமிழ் எழுதத் தொடங்கிய கதையில் மலேசியாவுக்கு இப்படி ஒரு பங்கு இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அதை யாரும் சொல்வதில்லை, சொல்லுங்கள். முரசு அஞ்சலின் 'அஞ்சல்' முறையிலும் ஆங்கில எழுத்தைத்தான் தட்டுகிறோம். ஆனால் சின்ன எல் போட்டால் ல, பெரிய எல் போட்டால் ள, இசட் போட்டால் ழ. எது வேண்டும் என்று தட்டுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த ஒரு வித்தியாசமே பெரிது.

நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கு என் பரிந்துரை அதைவிட ஒரு படி மேலே, தமிழ்99. சென்னையில் 1999இல் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை இது. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம். ஆங்கிலம் நடுவே வராது. செல்லினத்தில் அஞ்சல், தமிழ்99 இரண்டுமே உண்டு.

இதில் 'அம்மா' எப்படி வருகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அ, ம, ம, ஆ. இரண்டாவது ம விழுந்த உடனே முதல் ம தலையில் தானாகப் புள்ளி ஏறிக்கொள்ளும். 'பந்து' என்றால் ப, ந, த, உ. த வந்ததும் ந-வுக்குப் புள்ளி. தாத்தா பால் பிடித்த 'மங்கு' என்றால் ம, ங, க, உ. ங-வுக்குப் பின்னால் க, ஞ-வுக்குப் பின்னால் ச, ண-வுக்குப் பின்னால் ட, ந-வுக்குப் பின்னால் த, ம-வுக்குப் பின்னால் ப, ன-வுக்குப் பின்னால் ற. இலக்கண வகுப்பில் இன எழுத்துகள் என்று மனப்பாடம் செய்கிறோமே, அதே ஆறு ஜோடிகள்தாம் விசைக்குள் இருக்கின்றன. 'பண்டம்' என்ற சொல்லில் எந்த ண என்று குழம்பும் பிள்ளை ன போட்டால் புள்ளி ஏறாமல் நிற்கும். விரல் நின்றுவிடும், அவள் யோசிப்பாள். அந்த யோசிப்புத்தான் நமக்கு வேண்டியது.

இன்னொன்றும் உண்டு. கையால் 'கொ' எழுதும்போது நாம் முதலில் கொம்பைப் போடுகிறோம், பிறகு க, பிறகு கால். கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. தமிழ்99இல் க, ஒ என்று தட்டுகிறோம். காதுக்குக் கேட்கும் வரிசை இது. கணினியின் உள்ளேயும் யூனிகோடு முறையில் மெய் முதலில், உயிர்க்குறி பிறகுதான் பதிவாகிறது. பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறி அப்படியில்லை, அங்கே கொம்பைத்தான் முதலில் அடிக்க வேண்டும். ஆக, கை எழுத்தின் வடிவத்தைக் கற்றுக்கொடுக்கிறது, நல்ல விசைப்பலகை எழுத்தின் ஒலியைக் கற்றுக்கொடுக்கிறது. 12 உயிரும் 18 மெய்யும் சேர்ந்து 216 உயிர்மெய் எப்படி வருகிறது என்பதைச் சுவரில் தொங்கும் அட்டையைவிடத் தமிழ்99 தெளிவாகக் காட்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். முதல் இரண்டு வாரம் மெதுவாகத்தான் வரும். "பழையதே நல்லது" என்று அழுவாள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒற்று வேறு கதை. 'பள்ளிக்கு' சரியான சொல். 'சென்றேன்' சரியான சொல். இரண்டையும் சேர்த்து எழுதும்போதுதான் 'பள்ளிக்குச் சென்றேன்' என்று நடுவில் ஒரு ச் தேவைப்படுகிறது. கைப்பேசி சொல் சொல்லாகப் பரிந்துரைக்கிறது. இரண்டு சொல் ஒட்டும் இடத்தைப் பெரும்பாலான விசைப்பலகைகள் பார்ப்பதே இல்லை. நாள் முழுக்க ஒற்றில்லாத தமிழையே கண்ணால் பார்க்கும் பிள்ளைக்கு அதுதான் சரி என்று படிந்துவிடுகிறது. புலனத்தில் பெரியவர்களாகிய நாமும் அப்படித்தானே எழுதுகிறோம்? நீச்சல்காரன் உருவாக்கிய 'நாவி' என்ற சந்திப்பிழை திருத்தி இணையத்தில் இருக்கிறது, எழுத்துப்பிழைக்கு அவருடைய 'வாணி' இருக்கிறது. எழுதுவதற்கு முன்னால் இவற்றைத் திறக்க வேண்டாம். எழுதி முடித்த பிறகு ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நாவி சுட்டிய இடங்களை அவளே சிவப்புப் பேனாவால் புத்தகத்தில் திருத்தட்டும். உரக்க வாசித்தாலும் பாதி ஒற்று தானாக வாயில் வரும். பிள்ளைகள் 'பள்ளிக்குச் சென்றேன்' என்றுதான் வாசிப்பார்கள், 'பள்ளிக்கு சென்றேன்' என்று எழுதுவார்கள்.

அப்படியானால் கையெழுத்து எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இடைநிலைப்பள்ளி இறுதியில் வரும் எஸ்பிஎம் தேர்வின் தமிழ்த்தாளைக் கையால்தான் எழுத வேண்டும் என்பது ஒரு காரணம், அது சின்னக் காரணம். பெரிய காரணம் வேறு. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கேரின் ஜேம்ஸும் அவருடன் இருந்த ஆய்வாளரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளைச் சில எழுத்துகளைக் கையால் எழுதவும், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின்மேல் வரையவும், சிலவற்றை விசையில் தட்டவும் வைத்தார்கள். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையைப் படம் பிடித்தார்கள். வாசிப்புக்கு உரிய மூளைப் பகுதிகள் கையால் எழுதிய எழுத்துக்கே விழித்துக்கொண்டன. அது 26 எழுத்துள்ள ஆங்கிலம். 247 எழுத்துள்ள தமிழில், ண-வுக்கும் ன-வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம் என்கிற மொழியில், கைக்கு இன்னும் அதிக வேலை இருக்கும் என்பது என் கணிப்பு. ஒன்று, இரண்டு, மூன்றாம் ஆண்டுகளில் எழுத்தைக் கையால்தான் கற்க வேண்டும். இதில் எனக்குச் சமரசம் கிடையாது. நான்காம் ஆண்டில் தட்டச்சு கூடவே வரலாம்.

இதோடு சேர்த்து, 'மடிக்கணினியில் குறிப்பெடுத்தால் மண்டையில் ஏறாது' என்று ஒரு செய்தி புலனத்தில் அடிக்கடி சுற்றுகிறது. அது 2014இல் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்திய ஆய்வு. பின்னால் வேறு ஆய்வாளர்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது முடிவு அவ்வளவு தெளிவாக வரவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

வாசிப்புக்கு வருவோம். பாடநூல்கள் இப்போது மின்னூலாகவும் கிடைக்கின்றன. எதைத் திரையில் வாசிக்கலாம், எதைத் தாளில் வாசிக்க வேண்டும்? ஸ்பெயின், இஸ்ரேல் ஆய்வாளர்கள் 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு மேல் அதில் அடக்கம். தகவல் நிறைந்த பாடங்களைத் தாளில் வாசித்தவர்களுக்கே நன்றாகப் புரிந்திருந்தது. நேர நெருக்கடி இருந்தால் இடைவெளி இன்னும் கூடியது. கதை வாசிப்பில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. எனவே கதையைக் கைப்பேசியில் வாசிக்கட்டும். அறிவியலும் வரலாறும் புத்தகத்தில். வீட்டில் சண்டை போடாமல் இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம். சுவீடன் 2023இல் அச்சுப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குள் திரும்பக் கொண்டுவர நிதி ஒதுக்கியதும் இந்தக் கவலையால்தான்.

இனி புலனக் குழு. உங்கள் கேள்வியில் 'வீட்டுப்பாடம் முழுக்கப் புலனத்தில்' என்று ஒரு சலிப்புத் தெரிகிறது. அது எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அப்படி வந்த பள்ளிகள் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்தில் இருந்தன. வாத்தியாரும் அதே தோட்டத்தில்தான் குடியிருந்தார். பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்றால் மறுநாள் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்திலேயே அப்பாவுக்குத் தெரிந்துவிடும், இல்லையென்றால் வெள்ளிக்கிழமை கோயிலில். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டுபட்டன, குடும்பங்கள் தாமான் எனப்படும் பட்டணத்துக் குடியிருப்புகளுக்குக் குடிபோயின. பள்ளி ஓரிடம், வீடு ஓரிடம், அப்பா வேலை ஈப்போவில். பெற்றோரும் ஆசிரியரும் தற்செயலாகச் சந்தித்துக்கொள்ள இன்று இடமே இல்லை. அந்தக் காலி இடத்தில்தான் புலனம் வந்து உட்கார்ந்தது.

உட்கார்ந்ததை நிலைப்படுத்தியது 18 மார்ச் 2020இல் தொடங்கிய கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாடு. அந்த நாள்களை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டுக்கு ஒரு கைப்பேசி, அதையும் அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் சாயங்காலம் வந்த பிறகு மூன்று பிள்ளைகளும் முறை வைத்துப் பாடத்தைப் பார்ப்பார்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஆசிரியரின் கைப்பேசியில் நோட்டுப்புத்தகப் படங்கள் வந்து விழும். பாதி மங்கல், சில தலைகீழ். அந்தப் படத்தின் மேலேயே விரலால் சிவப்புக் கோடு போட்டுத் திருத்தி அனுப்பிய ஆசிரியர்களை எனக்குத் தெரியும். சபாவின் பித்தாஸ் வட்டாரத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவி இணைய அலை தேடி மரத்தில் ஏறித் தேர்வெழுதியது அதே 2020 ஜூனில்தான் நாடறிந்த செய்தியானது. செம்பனைக் காட்டுக்குள் பள்ளத்தில் இருந்த நம் வீடுகளின் நிலைமையும் அதுதான். ஏறுவதற்கு மேடு தேடினோம்.

அப்போது தற்காலிகமாகச் செய்ததே பிறகு வழக்கமாகிவிட்டது. இதில் நல்லதும் இருக்கிறது. மலாய்வழித் தேசியப்பள்ளியில் படித்து, தமிழ் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாத பெற்றோர் நம்மிடையே நிறையப் பேர். தமிழில் அச்சடித்த கடிதம் அவர்கள் வீட்டில் மேசையிலேயே கிடக்கும். ஆசிரியர் ஒரு நிமிடம் பேசி அனுப்பும் குரல் செய்தி அவர்களைப் போய்ச் சேர்கிறது. மலாயில் எழுதுவதா, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவதா என்ற தவிப்பும் ஆசிரியருக்கு இல்லை.

கெட்டது என்னவென்றால், பிள்ளையின் பாடம் பெரியவர்களின் பேச்சோடு கலந்துவிட்டது. கணக்குப் பாடத்துக்கு மேலே பிறந்தநாள் வாழ்த்து, கீழே யாரோ அனுப்பிய மருத்துவக் குறிப்பு. பாடத்தைத் தேடிப்போன பிள்ளை அரைமணி நேரம் கழித்து வேறெங்கோ இருக்கிறாள். புலனத்தில் கணக்கு வைத்துக்கொள்ள 13 வயதாக வேண்டும். எனவே குழு உங்கள் கைப்பேசியில், உங்கள் பெயரில் இருக்கட்டும். வீட்டுப்பாடம் என்ன என்பதை நீங்கள் வாயால் சொல்லுங்கள், அல்லது அவள் பார்த்து வீட்டுப்பாடக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கட்டும். அந்த நாலு வரி எழுதுவதும் எழுத்துப் பயிற்சிதான்.

பாடம் அனுப்ப டெலிமா இருக்கிறதே என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேட்கலாம். கல்வியமைச்சு 2020 ஜூனில் தொடங்கிய தளம் அது. ஒவ்வொரு மாணவருக்கும் கணக்கு உண்டு, அதிலேயே கூகுள் வகுப்பறையும் மின் பாடநூல்களும் உண்டு. பெரியவர்களின் பேச்சு அங்கே வராது. பல பள்ளிகளில் பிள்ளைகளின் கடவுச்சொல்லே மறந்துபோய்க் கிடக்கிறது. கருவி வந்து சேர்வதும் அது பயன்படுவதும் ஒன்றாகிவிடாது என்பதை இந்த நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 10,000 பள்ளிகளை இணைக்க வந்த 1பெஸ்தாரிநெட் திட்டத்தின் கற்றல் தளத்தை மிகச் சிலரே பயன்படுத்தினார்கள் என்று தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையே சொன்னது. 2019இல் திட்டம் முடிவுக்கு வந்தது. 2021ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 500 பள்ளிகளின் 1 லட்சத்து 50 ஆயிரம் மாணவர்களுக்கு மடிக்கணினி என்று செர்டிக் திட்டம் அறிவிக்கப்பட்டது. நல்ல முயற்சி. ஆனால் மடிக்கணினி வந்த வீட்டில் அதில் என்ன எழுதினார்கள் என்று யாராவது கேட்டால்தான் அது கல்வியாகும்.

சின்னப் பள்ளிகளுக்கு ஒரு தனி நன்மையைச் சொல்ல வேண்டும். 150 மாணவருக்குக் குறைவாக உள்ள பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்கிறது அமைச்சு. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பல அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. மிகச் சிறிய பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் உட்கார வைக்கிறார்கள். ஆசிரியர் ஐந்தாம் ஆண்டுக்குப் பாடம் நடத்தும்போது நான்காம் ஆண்டு என்ன செய்யும்? தன் குரலிலேயே முன்கூட்டிப் பதிவு செய்த பாடத்தை அவர்களுக்குப் போட்டுவிட்டு, இந்தப் பக்கம் நிம்மதியாக நடத்தலாம். இதைச் செய்கிற ஆசிரியர் கிடைத்தால் அந்தப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள்.

இப்போது அந்தக் கட்டுரை. இதுதான் உங்களுக்கு மனதில் உறுத்துகிறது என்று நினைக்கிறேன், எனக்கும் அப்படித்தான்.

சாட்ஜிபிடி 2022 நவம்பர் கடைசியில் வந்தது. இந்த வகை இயந்திரங்கள் இணையத்தில் குவிந்துள்ள எழுத்தைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வருவது வழக்கம் என்பதைக் கற்றுக்கொண்டவை. இணையத்தில் உள்ள தமிழில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தது. 'எங்கள் ஊர்' என்று கேட்டால் அந்தக் குவியலில் அதிகம் உள்ள ஊர்தான் வரும்: ஆலமரம், குளம், வயல், திருவிழாத் தேர். உங்கள் மகள் பார்த்தே இராத ஊர். செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரி சிந்திய பழம் ரோட்டில் நசுங்கிக் கிடப்பதும், மழை விட்டதும் ஆலைப் பக்கமிருந்து வரும் வாடையும், லயத்தில் இருந்தபோது கும்பிட்ட முனியாண்டி கோயிலுக்கு இப்போது காரில் போக வேண்டியிருப்பதும் அதற்குத் தெரியாது. யாரும் எழுதி வைக்கவில்லை, எனவே தெரியாது. நம் பிள்ளைகளும் எழுதாமல் விட்டால் இனியும் தெரியப்போவதில்லை. எனக்கு இதுதான் பெரிய வருத்தம். பிள்ளை ஏமாற்றினாள் என்பதை அடுத்தபடியாகத்தான் வைப்பேன்.

திருட்டு என்று திட்டாதீர்கள். ஏன் கேட்டாள் என்று பாருங்கள். வெள்ளைத் தாளைப் பார்த்துப் பயந்திருப்பாள். பேசத் தெரிந்ததை எழுதத் தெரியவில்லை. நம் பிள்ளைகளின் பேச்சுத் தமிழ் உயிரோடு இருக்கிறது. 'நேத்து தாத்தா கூட காட்டுக்குப் போனோம், ஒரே கொசு' என்று சரளமாகச் சொல்கிறவளிடம் எழுது என்றால் கை நின்றுவிடுகிறது. 'நேற்று நானும் தாத்தாவும் செம்பனைத் தோட்டத்திற்குச் சென்றோம். அங்கே கொசுத்தொல்லை அதிகமாக இருந்தது' என்று மாற்றத் தெரிய வேண்டும். அந்தப் பாலத்தைக் கடப்பதுதான் தமிழ்க் கட்டுரைப் பயிற்சி முழுவதும். கைப்பேசி இங்கே நன்றாக உதவும், தாத்தாவையும் சேர்த்துக்கொண்டால்.

இப்படிச் செய்யுங்கள். ஒரு சாயங்காலம் தாத்தா தேநீர் குடிக்கும்போது பிள்ளை கைப்பேசியில் குரல் பதிவைத் தட்டிவிட்டு அவரிடம் கேள்வி கேட்கட்டும். ஏன் விடியும் முன்பே பால் வெட்டப் போனீர்கள்? குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும் என்பார். மழை பெய்தால் ஏன் வெட்டவில்லை? பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் மரமெல்லாம் வழிந்துவிடும், மங்கில் தண்ணீர் சேரும் என்பார். கோடு ஏன் சரிவாக இருக்க வேண்டும், உளி ஆழமாகப் போனால் மரத்துக்கு என்ன ஆகும், ஒட்டுப்பாலை என்ன செய்வீர்கள், ஒரு நிரையில் எத்தனை மரம்? பத்து நிமிடம் போதும். அவர் சொல்வது எந்தத் தேடுபொறியிலும் அந்தக் குரலில் கிடைக்காது.

பிறகு அவள் பதிவை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, நோட்டுப்புத்தகத்தில் கையால் எழுதட்டும். தாத்தா பேச்சு வழக்கில் சொன்னதை எழுத்து வழக்குக்கு மாற்ற அவளே சொல் தேட வேண்டும். தெரியாத சொல்லுக்கு உங்களைக் கேட்கலாம், அகராதியைப் பார்க்கலாம். கூகுளின் குரல்வழித் தட்டச்சில் தமிழ் இருக்கிறது, மலேசியத் தமிழ் என்று தனியாகவே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் தாத்தாவின் பேச்சை அதற்குள் செலுத்தி எழுத்தாக்கிக் கொள்ளும் குறுக்குவழி இப்போது வேண்டாம், கேட்டு எழுதுவதுதான் பாடம். கையால் எழுதி முடித்ததும் தமிழ்99இல் தட்டச்சு செய்யட்டும், நாவியில் சரிபார்க்கட்டும்.

கூடவே இணையத்துக்கும் ஒரு வேலை கொடுங்கள். உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத கோல கங்சாரில்தான் 1877இல் இந்நாட்டின் முதல் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. தாத்தாவுக்கு அது தெரியாமல் இருக்கலாம். மகள் தேடி வாசித்து அவருக்குச் சொல்லட்டும். ஊரைப் பற்றித் தாத்தா அறிந்தது பாதி, இணையம் அறிந்தது பாதி. இரண்டையும் ஒரு கட்டுரையில் சேர்ப்பவள் அவள்.

செயற்கை நுண்ணறிவை முற்றாக விலக்கவும் நான் சொல்லவில்லை. சாட்ஜிபிடிக்கும் 13 வயது வரம்பு உண்டு, அதற்கு மேலும் 18 வரை பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் விதி. பத்து வயதுப் பிள்ளை தனியாக அதன் முன்னால் உட்காரக் கூடாது. நீங்கள் பக்கத்தில் இருந்து, உங்கள் கணக்கில், அவள் எழுதி முடித்த கட்டுரையைக் கொடுத்து, 'இதைத் திருத்தாதே, உனக்குப் புரியாத இடங்களைப் பற்றி ஐந்து கேள்வி மட்டும் கேள்' என்று சொல்லுங்கள். 'மங்கு என்பது என்ன?' என்று அது கேட்டால் அவள் ஒரு வாக்கியம் சேர்த்து விளக்குவாள். அங்கே எழுதுகிறவள் பிள்ளை, கேட்கிறது இயந்திரம். ஒரு எச்சரிக்கை: திருக்குறள், பழமொழி கேட்டு வாங்கிக் கட்டுரையில் சேர்க்க வேண்டாம். இல்லாத குறளை இருப்பதுபோல் எண் போட்டுக் கொடுத்துவிடும். குறளைப் புத்தகத்தில் பார்த்தே எழுத வேண்டும்.

ஆசிரியரிடம் சொல்வதா என்றும் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். சொல்லுங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். ஆறாம் ஆண்டு முடிவில் எழுதிவந்த யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகு வகுப்பறை மதிப்பீட்டுக்கு எடை கூடியிருக்கிறது. பிள்ளை உண்மையில் என்ன எழுதுகிறாள் என்று தெரியாவிட்டால் ஆசிரியரால் சரியான அடைவுநிலை போட முடியாது, உதவி தேவைப்படும் இடமும் அவருக்குத் தெரியாது. தாத்தாவின் பேச்சிலிருந்து அவள் எழுதிய புதுக் கட்டுரையை அப்போது கையில் கொண்டு போங்கள். பழையதற்குப் பதிலாக இதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கலாம். இன்னொன்றும் கேளுங்கள்: அடுத்த தவணையில் வகுப்பு முழுவதற்கும் இப்படி ஒரு குரல் பதிவுக் கட்டுரை கொடுக்க முடியுமா, அதை வீட்டுக்கு அனுப்பாமல் முதல் வரைவை வகுப்பிலேயே எழுத வைக்க முடியுமா என்று. நான் பார்த்த அளவில் ஆசிரியர்கள் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. அவர்களுக்கும் ஆலமரக் கட்டுரைகளைத் திருத்திச் சலித்துப்போயிருக்கிறது.